குடல் ரத்தம் முழுக்க கல்லீரலுக்குத்தான் போகிறது. பிறகு ஏன் கல்லீரல் எந்நேரமும் அழற்சியில் வீங்கிக் கிடப்பதில்லை?

கேள்வி நியாயமானது. கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் போகிறது. அதில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகக் குடல், மண்ணீரல் பக்கமிருந்து வருவது. சாப்பாட்டுப் புரதம், செத்த பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கு எல்லாம் அதில் கலந்திருக்கும். அந்தத் துணுக்கில் கொஞ்சம் நேராகக் கை நரம்பில் ஏறினால் போதும், குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டுவிடும். கல்லீரலோ அதை அன்றாடம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. புதுச்சேரியில் ஒரு ஆய்வகத்தில் திசு ஸ்லைடு போடும் டெக்னீசியன். ஊசியில் எடுத்து ஃபார்மலினில் போட்டு அனுப்பும் கல்லீரல் துண்டு இரண்டு சென்டிமீட்டர் இருந்தாலே பெரிது. வழக்கமான சாயத்தில் கல்லீரல் செல்கள் இளஞ்சிவப்பாக வரிசை கட்டி நிற்கும். வரிசைகளுக்கு நடுவே ரத்தம் ஓடும் மெல்லிய இடுக்குகளில்தான் கூப்ஃபர் செல்கள், அதாவது கிருமியை விழுங்கும் காவல் செல்கள், ஒட்டிக்கொண்டிருக்கும். தேடினாலும் லேசில் அகப்படாது. விழுங்கு செல்களை எடுத்துக்காட்டும் சிடி68 சாயம் போட்டதும் பழுப்பாக ஒவ்வொன்றாக எழும்பும். முதல் தடவை பார்க்கிறவர்கள் "இத்தனையா!" என்பார்கள். உடம்பின் திசுக்களில் நிரந்தரமாகக் குடியிருக்கும் விழுங்கு செல்களில் 80 சதவீதத்துக்கு மேல் இங்கேதான்.

கடலூர்க்காரர்களுக்கு ஆல்பேட்டை சோதனைச்சாவடி தெரியும். பாண்டியிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்திப் பையைக் கொட்டிக் கவிழ்த்தால் பெண்ணையாற்றுப் பாலம் வரை வண்டி நிற்கும். அதனால் விட வேண்டியதை விட்டு, சந்தேகப்பட்டதை மட்டும் ஓரங்கட்டுவார்கள். கூப்ஃபர் செல்லும் அப்படித்தான். ஓரங்கட்டிய பாக்டீரியாவை அங்கேயே விழுங்கிச் செரித்துவிடும், ஊரைக் கூட்டாது. கூடவே இன்டர்லூகின்-10 என்ற புரதத்தைச் சுரக்கும். அது சுற்றியிருக்கும் மற்ற செல்களை அடக்கி வைக்கும். ரத்த இடுக்கின் சுவர்ச் செல்களும் சும்மா இல்லை. உணவுப் புரதத்தை டி செல்லுக்கு (எதிரியைத் தாக்கும் வெள்ளணு வகை) காட்டும்போதே பிடி-எல்1 என்ற தடைக் குறியையும் சேர்த்துக் காட்டும். டி செல் அடங்கிப்போகும், அல்லது மடிந்துபோகும்.

எல்லாக் கூப்ஃபர் செல்லும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஒசாகா பல்கலைக்கழகத்தினர் உயிருள்ள எலியின் கல்லீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்து 2024-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். போர்ட்டல் சிரை நுழையும் ஓரத்தில், அதாவது குடல் சரக்கு முதலில் வந்து மோதும் இடத்தில், அழற்சி குறைவாக இருந்தது. உள்ளே மையச் சிரைப் பக்கம் அதிகம். வாசலில் இருப்பவை இன்டர்லூகின்-10 அதிகம் சுரக்கும் தனி ரகம். அந்த ரகத்தை உருவாக்குவதில் குடல் பாக்டீரியா மாற்றியமைத்த ஒரு பித்த அமிலத்துக்கும் பங்கு இருக்கிறது. ஆக, காவலரைப் பழக்குவதே குடலிலிருந்து வரும் சரக்குதான்.

இந்தப் பொறுமை அறுவை சிகிச்சையிலும் தெரிந்தது. 1969-ல் பிரிட்டிஷ் அறுவை நிபுணர் ராய் கால்ன் குழுவினர் பன்றிகளுக்குக் கல்லீரல் மாற்றினார்கள். எதிர்ப்பை அடக்கும் மருந்தே இல்லாமல் சில பன்றிகள் அதை ஏற்றுக்கொண்டன; அதே கொடைப் பன்றியின் சிறுநீரகத்தையும் பிறகு ஏற்றன.

ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கு இந்த இடம் தோதாகிவிடுகிறது. ஆரோக்கியமான பெரியவர்களில் 95 சதவீதம் பேருக்கு மேல் அதை விரட்டிவிடுவார்கள். பிறக்கும்போதே தொற்றினால் சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி போடச் சொல்வது அதற்காகத்தான். அந்த வைரஸ் தானாகக் கல்லீரல் செல்லைப் பெரிதாகக் கொல்வதில்லை, சேதம் செய்வது நம் டி செல்கள்.

குடியிலும் பாதிக் கதை இதுதான். சாராயம் குடல் சுவரைக் கசிய விடும், துணுக்குகள் அளவுக்கு மீறி வரும், பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கூப்ஃபர் செல் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்க ஆரம்பிக்கும், பக்கத்து ஸ்டெல்லேட் செல்கள் தழும்பு நாரைப் பின்னிவிடும். நம் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸ் ஸ்லைடில் இன்னும் அப்பட்டம்: போர்ட்டல் பகுதியின் எல்லையை உடைத்துக்கொண்டு லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல் என்ற எதிர்ப்புச் செல்கள் கல்லீரல் செல் வரிசைக்குள் புகுந்திருக்கும். அதற்குத் தரும் பிரெட்னிசலோன், அசதயோபிரின் இரண்டுமே எதிர்ப்பை இறக்குகிற மருந்துகள்.

அதனால் "கல்லீரலுக்கு எதிர்ப்பு சக்தி ஏற்றும் பொடி" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். கொரோனா சமயத்தில் சீந்தில் கொடியை அப்படித்தான் விற்றார்கள். அதைச் சாப்பிட்ட சிலருக்கு ஆட்டோ இம்யூன் மாதிரியான கல்லீரல் அழற்சி வந்ததை இந்தியாவின் பல மருத்துவமனை மருத்துவர்கள் சேர்ந்து 2022-ல் பதிவு செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மும்பையிலிருந்து வந்த இதே போன்ற அறிக்கையை ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. செடியைச் சரியாக அடையாளம் காணவில்லை என்றது. அந்தச் சர்ச்சை எப்படிப் போனாலும், ஏற்கெனவே ஆட்டோ இம்யூன் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதையெல்லாம் காய்ச்சிக் குடிக்க வேண்டாம்.