சிரிக்காத அப்பா போட்டோவ வீட்டுல மாட்டலாமா?

கேள்வி: அக்கா, நாங்க செங்கோட்டை பக்கம் புளியரை. அப்பா மரக்கடைல கணக்கெழுதுனவுக. பார்க்கின்சன் வந்து பத்து வருஷத்துக்கு மேல கஷ்டப்பட்டு போன வருஷம் தவறிட்டாக, அடுத்த மாசம் தலைத்திவசம். பேப்பர்ல நினைவஞ்சலி குடுக்கவும் வீட்டுல மாட்டவும் அண்ணன் பழைய போட்டோ ஒண்ண எடுத்து வச்சிருக்கான், சீக்குல எடுத்ததெல்லாம் பாக்க சகிக்கலங்கான். எனக்கு என்னன்னா, கடைசில அப்பா சிரிச்சதே இல்ல, நான் பிள்ளைய தூக்கிட்டு வந்து நின்னாலும் வெறிச்சு பாப்பாக, எங்கள வெறுத்துட்டாகளோன்னு இன்னும் மனசு அடிச்சுக்குது. அம்மா இன்னும் மாத்திர நேரத்துக்கு எந்திரிச்சு உக்காந்துருதாக. அப்பாவோட கணக்கு நோட்டெல்லாம் பரண்ல கிடக்கு, என்ன செய்யன்னு தெரியல. இந்த நோய் எங்களுக்கும் வருமா?
- பேர் வேண்டாம், புளியரை

பதில்: தங்கச்சி, அந்த வெறிச்ச பார்வைய பத்தி முதல்ல சொல்லிடுறேன், மத்தது அப்புறம். அது வெறுப்பு இல்லம்மா. மூளைல, உடம்பு அசைவ நடத்துற டோபமைன்ங்கிற ரசாயனத்த சுரக்குற செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா அழியுறதுதான் இந்த நோய், கை நடுங்குறதும் நடை தேயுறதும் நம்ம கண்ணுக்கு தெரியுது, ஆனா முகத்துலயும் தசைதான இருக்கு, அதுவும் இறுகிடும், கண் சிமிட்டுறது கூட கொறஞ்சிரும். உள்ள சந்தோஷம் இருக்கும், முகத்துக்கு வராது. குரலும் அப்படித்தான் அமுங்கிப் போகும். எங்க சித்தப்பாவுக்கும் இதே நோய். நான் போய் நின்னா மூஞ்சில ஒண்ணுமே தெரியாது, ஆனா சேர் கைப்பிடில இருக்குற வலது கை படபடன்னு ஆட ஆரம்பிச்சிரும். "நீ வந்ததுல அவருக்கு சந்தோஷம், கைய பாரு"ன்னு சித்தி சொல்லுவாங்க. துக்கமோ சந்தோஷமோ மனசு பொங்குனா நடுக்கம் கூடும், அது இந்த நோயோட குணம். நீங்க பிள்ளையோட படியேறுனப்ப அப்பா கை எப்படி இருந்துச்சுன்னு அம்மாகிட்ட கேளுங்க, அவங்களுக்கு கண்டிப்பா தெரியும்.

1817லயே லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறே பேர வச்சு இந்த நோயப் பத்தி எழுதுனாரு, அறிவு கெடுறதில்லன்னு அப்பவே குறிச்சு வச்சாரு. முத்துன பிறகு சிலருக்கு ஞாபகம் தடுமாறும்ங்கிறது பின்னாடி தெரிஞ்ச விஷயம். ஆனா முகம் இறுகுனா மனசும் இறுகிருச்சுன்னு அர்த்தமே கிடையாது.

போட்டோ விஷயத்துல, பேப்பருக்கு அண்ணன் எடுத்து வச்சதே இருக்கட்டும், ஊருக்கு தெரிஞ்ச முகம் அது. வீட்டுல மட்டும் கடைசி வருஷத்து போட்டோவத்தான் மாட்டணும்னு நான் சொல்லுவேன், உங்க பிள்ளை மடில இருக்குற மாதிரி ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது. அந்தப் பிள்ளைக்கு தெரிஞ்ச தாத்தா அவருதான, அவர மறைச்சுட்டு வேற யாரையோ காட்டுன மாதிரி ஆயிரக்கூடாது. அண்ணன கோவிச்சுக்காதீங்க, அவருக்கு தாங்கல, அவ்வளவுதான்.

கணக்கு நோட்ட எடைக்கு போட்டுராதீங்க. வருஷ வாரியா அடுக்கி வச்சு பாருங்க, தேக்கு இத்தன கன அடி, வண்டிக்கூலி இவ்வளவுன்னு முதல்ல நல்லா தடிச்ச எழுத்தா இருக்கும், போகப் போக பொடிசாகும், ஒரே வரில கூட பெருசா தொடங்கி முடியுறப்ப எறும்பு ஊர்ற மாதிரி ஆயிரும். கை நடுங்குறதுக்கு முன்னாடியே பலருக்கு எழுத்து இப்படி சுருங்க ஆரம்பிச்சிரும். உங்கப்பா எந்த நோட்டு வரைக்கும் விடாம எழுதியிருக்காருன்னு பாருங்க, அந்தக் கையோட அத எழுத எவ்வளவு பாடு பட்டிருப்பாரு! அண்ணனுக்கும் அதக் காட்டுங்க.

அம்மாவ "இனிமே தூங்கும்மா"ன்னு அதட்டாதீங்க. இந்த நோய்க்கு குடுக்குற லெவோடோபா மாத்திர சில மணி நேரம்தான் வேல செய்யும், சாப்பாட்டோட சேத்துக் குடுத்தா பருப்பு, முட்டை, பாலுல இருக்குற புரதம் அத சரியா ஏற விடாது, அதனால அரை மணி நேரம் முன்னாடியே குடுக்கணும், நேரம் தவறுனா மனுஷன் அப்படியே மரக்கட்டையா நின்னுருவாரு. அத்தன வருஷமும் அவங்க கடிகாரத்தோடவே வாழ்ந்திருக்காங்க, ஒரு வருஷத்துல அது உடம்ப விட்டு போகாது. ஆனா பகல்லயும் சோர்ந்து, சாப்பாடு எறங்காம இருந்தாங்கன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. உங்க பக்கம், ஆரியங்காவு பக்கம் யாருக்காவது இந்த நோய் இருந்தா அம்மாவ அவங்க வீட்டுக்கு கூட்டிட்டு போங்க. நிலைப்படில கால் ஒட்டிக்கிட்டு நகரலன்னா, தரைல சாக்பீஸால கோடு போட்டா அதத் தாண்டி கால எடுத்து வைப்பாங்கங்கிறதெல்லாம் திருவனந்தபுரம் வரைக்கும் வைத்தியத்துக்கு போய் வந்த குடும்பத்துக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, அம்மா சொல்லுவாங்க.

உங்களுக்கு வருமான்னு கேட்டீங்க. பெரும்பாலும் இது பரம்பரையா வர்ற நோய் இல்ல. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா பிள்ளைங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சின்ன வயசுலயே வந்தாலோ குடும்பத்துல பல பேருக்கு இருந்தாலோதான் நரம்பு டாக்டர்கிட்ட அதப் பத்தி தனியா கேக்கணும். உங்கப்பாவுக்கு எந்த வயசுல ஆரம்பிச்சதுன்னு நீங்க எழுதல, ஐம்பதுக்குள்ளன்னா ஒரு தடவ போய் கேட்டுருங்க.