தலையணைக்குக் கீழே பாண் துண்டு: பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கத்துச் சிறுவர் இல்லங்களிலும் கிராமங்களிலும் வேலை செய்பவர்களிடமிருந்து. பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டேன். நீங்கள் எழுதும்போதும் தயவுசெய்து பெயர், பாடசாலை எதுவும் எழுத வேண்டாம்.

எங்கள் இல்லத்துக்குப் புதிதாக வந்த 10 வயதுப் பெடியன் இரவில் பாண் துண்டுகளைத் தலையணைக்குக் கீழே ஒளிக்கிறான். மேற்றன் (இல்லத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பாளர்) அதைக் களவு என்று சொல்லிப் பின்னேரத் தேத்தண்ணியோடு கொடுக்கும் பிஸ்கட்டை நிறுத்திவிட்டார். இது சரியா அக்கா?

பிழை. பிஸ்கட்டை இன்றைக்கே திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டை நிறுத்துவது எந்தப் பிள்ளைக்கும் தண்டனையாக இருக்கக்கூடாது, அடுத்த வேளை அடுப்பு எரியுமா எரியாதா என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு அது அவன் பயந்தது சரிதான் என்று நாங்களே காட்டிக்கொடுப்பது மாதிரி. அவனுக்கு மூடியுள்ள ஒரு ரின் கொடுங்கள், அது அவனுடையது, வேறு யாரும் திறக்கக்கூடாது. படுக்கப்போகும் முன் அவனோடு சேர்ந்து நாலு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ அதில் வைத்துவிட்டு, நாளைக்குக் காலை என்ன சாப்பாடு என்று சொல்லுங்கள். சொன்னதைக் காலையில் போடுங்கள். முடிந்தவரை ஒரே ஆள், ஒரே நேரம். சில கிழமைகளில் நிற்கலாம், சில மாதங்களும் ஆகலாம், அவசரப்படாதீர்கள். எந்த நாட்களில் கூடுதலாக ஒளிக்கிறான் என்றும் கொப்பியில் குறித்துவையுங்கள், அம்மா வருவதாகச் சொல்லி வராமல் விட்ட நாட்களோடு அது ஒத்துப்போகலாம்.

இல்ல வேலை என்றதும் பலர் உளவளத்துணை அறையைத்தான் நினைக்கிறார்கள். அந்த ஒரு மணித்தியாலம் முக்கியம்தான், ஆனால் பிள்ளையை எழுப்புவது, தலை இழுப்பது, சோறு போடுவது, பாடசாலை விட்டு வந்ததும் முகத்தைப் பார்ப்பது என்று மிச்ச நேரமெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. பிள்ளை பெரியவர்களைத் திரும்ப நம்பத் தொடங்குவது அங்கேதான்.

ஒரு பிள்ளையின் அப்பா 2009இல் காணாமல் போனவர். அம்மா 'வருவார்' என்கிறார், எங்கள் ஊழியர் ஒருவர் 'இனி வரமாட்டார், மறந்துவிட்டுப் படி' என்று சொல்லிவிட்டார். பிள்ளை என்னிடம் கேட்கிறாள், நான் என்ன சொல்ல?

உண்மையைச் சொல்லுங்கள். "எங்களுக்கும் தெரியாது பிள்ளை. அம்மா இன்னும் தேடுறா." வன்னியில் இது ஒரு வீட்டுக் கதை அல்ல, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் போனவர்களின் தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். மறந்துவிடு என்று சொல்லும் உரிமை எங்களில் யாருக்கும் இல்லை. தாயின் நம்பிக்கையை உடைப்பதும் எங்கள் வேலை இல்லை, நாளைக்கே வந்துவிடுவார் என்று கதை கட்டுவதும் கூடாது. அப்பாவின் படம் இருந்தால் அவள் கட்டிலருகே வைக்க விடுங்கள், அப்பா எப்படிப்பட்டவர் என்று அம்மம்மாவிடமோ பெரியப்பாவிடமோ கேட்டு எழுத உதவுங்கள். பிறந்தநாள், போர் முடிந்த மே மாதம், பாடசாலையில் 'தகப்பன் பெயர்' நிரப்பும் படிவம் வரும் நாள், இந்த நாட்களில் பக்கத்தில் இருங்கள். அந்த ஊழியரோடும் தனியாகக் கதைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு முன்னால் வேண்டாம்.

13 வயதுப் பிள்ளை ஒன்று 'ஒரு விசயம் சொல்லுறன், ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ' என்றாள். தடுமாறிக் கதையை மாற்றிவிட்டேன்.

நாளைக்கே திரும்பப் போங்கள். "நேற்று நீ ஏதோ சொல்ல வந்தனி, இப்ப கேட்கிறன். சத்தியம் பண்ண மாட்டன், உன்ர பாதுகாப்புக்குத் தேவையெண்டால் ஒராளுக்குச் சொல்லவேண்டி வரும், ஆருக்கு எண்டதை உனக்குத்தான் முதல்ல சொல்லுவன்." இவ்வளவும் போதும். சத்தியம் பண்ணிவிட்டு அதை மீறினால் அவள் அடுத்த பெரியவரிடம் வாய் திறக்கவே மாட்டாள்.

சொன்னால் கேளுங்கள், விசாரிக்காதீர்கள். "அவன் இப்படிச் செய்தவனா?" என்று நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. சொன்னதை அவளுடைய சொற்களிலேயே அன்றைக்கே திகதியோடு எழுதுங்கள். பிறகு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு ஃபோன் எடுங்கள், 24 மணித்தியாலமும் தமிழிலும் பதில் சொல்வார்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், பொலிஸில் சிறுவர் பெண்கள் பிரிவு இருக்கிறது. உடல் சம்பந்தப்பட்டதென்றால் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பது தாமதிக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருக்கலாம் என்பதால் முதலில் வீட்டுக்கு ஃபோன் எடுக்காதீர்கள். அப்புறம், இது மிகவும் முக்கியம், கோயில் சபையோ ஊர்ப் பெரியவர்களோ கூடி 'மானம் போகும், பேசித் தீர்ப்பம்' என்று பிள்ளையையும் அந்த ஆளையும் ஒரே விறாந்தையில் இருத்த ஒருபோதும் விடாதீர்கள்.

அம்மா குவைத்தில், பிள்ளைக்கு 15, பாடசாலையை விட்டுவிட்டாள். அம்மம்மா கலியாணம் பேசுகிறா.

பொதுச் சட்டத்தில் 1995 முதல் திருமண வயது 18. 16க்குக் கீழ் பிள்ளையோடு உடலுறவு கொண்டால், பிள்ளை சம்மதித்தாலும் தண்டனைச் சட்டக்கோவையில் அது வன்புணர்வு. 16 வயது வரை கல்வியும் கட்டாயம். ஆனால் சட்டத்தை எடுத்த எடுப்பில் அம்மம்மாவுக்கு வாசிக்காதீர்கள், 'நான் கண்ணை மூடினால் இவளை ஆர் பார்ப்பினம்' என்ற பயம்தான் அங்கே இருக்கும். அதை முதலில் கேளுங்கள், தாயை வீடியோ அழைப்பில் சேருங்கள், பாடசாலையை விட்டதற்குச் சப்பாத்தா, பஸ்ஸா, வகுப்பில் யாராவது சொன்ன சொல்லா என்று பிள்ளையிடம் தனியாக அறியுங்கள். இதற்கிடையில் கிராம சேவகருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கட்டாயம் தெரிவியுங்கள். நாள் குறித்துவிட்டார்கள் என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே 1929.

இரவு பகல் ஒரே ஆளாக நிற்கிறேன். பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன்.

நிர்வாகத்திடம் எழுத்தில் மாற்று ஆள் கேளுங்கள். கிழமைக்கு ஒருமுறை அனுபவமுள்ள ஒருவரோடு உங்கள் வேலையைப் பற்றி மட்டும் கதைக்க நேரம் கேளுங்கள். இது சலுகை இல்லை, பிள்ளைகளின் பாதுகாப்பு. தூக்கமே இல்லை, மனம் விட்டுப்போகிறது என்றால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம்.

எங்கள் இல்லப் பெடியனுக்கு அடுத்த வருடம் 18. எப்படித் தயார்படுத்துவது?

இன்றைக்குத் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா? இடம்பெயர்வில் அதைத் தொலைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அடையாள அட்டைக்கு 15 வயதிலேயே விண்ணப்பிக்கலாம், இன்னும் எடுக்கவில்லை என்றால் கிராம சேவகர் ஊடாக இப்போதே செய்யுங்கள். அவன் பெயரில் வங்கிக் கணக்கு, சமைக்கத் தெரிவது, தனியாக பஸ் ஏறி வைத்தியசாலைக்குப் போய் நம்பர் எடுப்பது, எல்லாம் இல்லத்தில் இருக்கும்போதே பழகவேண்டும். படிப்பில் நாட்டமில்லை என்றால் அறிவியல் நகரில் உள்ள இலங்கை-ஜெர்மன் பயிற்சி நிறுவகத்துக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், பட்டறையைக் கண்ணால் பார்த்தால் அவனே கேள்வி கேட்பான். சொந்தத்தில் சித்தியோ மாமாவோ இருந்தால் போய்வரத் தொடங்கட்டும், நன்னடத்தை உத்தியோகத்தரின் அனுமதியோடு. இல்லத்தை விட்டுப் போன பிறகு அவனுக்கு யார் ஃபோன் எடுப்பது, எந்த நாளில் எடுப்பது என்பதையும் இப்போதே அவனோடு இருந்து முடிவு செய்யுங்கள், தீபாவளிக்கோ நத்தாருக்கோ எங்கே சாப்பிடுவான் என்பது உட்பட.