டிகிரி முடித்தவுடன் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலையில் இறங்கலாமா?

பி.காம் முடித்திருக்கிறீர்கள், விற்பனை அனுபவம் இல்லை, ஆயுள் காப்பீட்டு வேலை சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விருதுநகர் பக்கம் ஒன்பது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். தாராளமாக இறங்கலாம்.

ஆனால் உங்களைக் கூப்பிடுவது எந்த வேலைக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் கம்பெனிகளில் 'சேல்ஸ் மேனேஜர்' என்றால் பெரும்பாலும் சம்பளம் உண்டு. புது ஏஜென்ட்டுகளைச் சேர்ப்பதும் மாத டார்கெட்டை எட்டுவதும்தான் வேலை. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் மட்டும்தான். ஆறு மாத வீட்டுச் செலவுக்காவது வழி செய்துவிட்டு வாருங்கள்.

தேர்வை நினைத்துப் பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பு போதும். 25 மணி நேரப் பயிற்சி, அப்புறம் ஐசி-38 என்ற தேர்வு. நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி, தமிழிலேயே எழுதலாம்.

உண்மையான பரீட்சை, பாலிசி கேட்டு நிரப்பும் விண்ணப்பமான புரபோசல் பாரத்தில் இருக்கிறது. என் முதல் வருடத்தில் ஒரு டீக்கடைக்காரர் பாலிசி எடுத்தார். "சுகருக்கு மாத்திரை போடுறேன் தம்பி" என்று சொன்னார். கூட வந்த சீனியர், "அதை எழுதினா மெடிக்கல் கேட்பாங்க, பிரீமியம் ஏறும், ஆள் போயிடுவார். இல்லைன்னு போடு" என்றார். நானும் அப்படியே போட்டேன். பதினாலாவது மாதம் அவர் மாரடைப்பில் இறந்துபோனார். பாலிசி எடுத்து 3 வருடத்துக்குள் என்பதால் கம்பெனி விசாரித்தது, ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தது, கிளைம் நிராகரிக்கப்பட்டது. கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பி வந்தது. "அவர் உங்ககிட்ட சொன்னாரே தம்பி" என்று அவர் மனைவி, அந்த அக்கா, கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கையெழுத்து அவருடையது, உள்ளே எழுதியது என் கை.

காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவின்படி, 3 வருடம் தாண்டிய பாலிசியைக் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. அதை நம்பி, "மூணு வருஷம் ஓட்டிட்டா போதும்" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமே போகாதீர்கள். இப்போது ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துக் காட்டி, மாத்திரைப் பெயர் வரை கேட்டு எழுதுகிறேன். சிலர் வேண்டாமென்று போய்விடுகிறார்கள். போகட்டும்.

"உன் கமிஷனை முதல் பிரீமியத்தில் கழித்துக்கொள்" என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி அது குற்றம். அப்படிப் பிடித்த பாலிசிகள் இரண்டாம் வருடம் நின்றுபோவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நமக்குச் சோறு போடுவது, அவர்கள் தொடர்ந்து பிரீமியம் கட்டினால் வருடா வருடம் வரும் ரின்யூவல் கமிஷன்.

பாலிசி பத்திரம் வந்ததும் பாலிசி எடுத்தவர் வீட்டுக்குப் போய் நாமினியையும் உட்காரவைத்துக் காட்டுங்கள். நாமினி பெயர், பிறந்த தேதி, உடல்நலக் கேள்விகளுக்கான பதில் எல்லாம் சரியா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.