சம்பளம் ஏறியும் டியூட்டிக்குப் போக மனசு வரலையே!

கேள்வி: அக்கா, நான் சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆறு வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். போன மாசம் சம்பளம் கூட ஏத்துனாங்க, ஆனாலும் காலையில யூனிஃபார்ம் போடும்போதே அலுப்பா இருக்கு. தப்பு எங்கிட்டயா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உன் மேல என்னம்மா தப்பு! ஹெர்ஸ்பெர்க்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் 1959லயே சொல்லிட்டார், சம்பளம், டியூட்டி நேரம், மேலதிகாரி இதெல்லாம் சரியில்லன்னா மனசு கசக்கும், ஆனா சரியா இருந்தா மட்டும் உற்சாகம் வந்துடாது, அதுக்கு செய்யுற வேலைக்கு மதிப்பு, பொறுப்பு, முன்னேற்றம் வேணும்னு. (அவர் கேட்டது இன்ஜினியர், அக்கவுண்டன்ட்கள்கிட்ட, நர்ஸ்கிட்ட இல்ல, அது வேற விஷயம்.)

அதுக்காக சம்பளம் சின்ன விஷயம்னு சொல்ல மாட்டேன். சுப்ரீம் கோர்ட் 2016ல சொல்லி அமைச்ச கமிட்டி, 50 பெட்டுக்குக் குறைஞ்ச தனியார் ஆஸ்பத்திரியில கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதுன்னு பரிந்துரைச்சுது, எத்தனை பேர் கொடுக்குறாங்கன்னு உனக்கே தெரியும்.

எனக்கென்னமோ உன் பிரச்சனை ஆள் பற்றாக்குறைன்னுதான் படுது. ஐசியூவுல ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ்ங்கறதுதான் நர்சிங் கவுன்சில் கணக்கு, நைட் டியூட்டியில நீ எத்தனை பேரைப் பாக்குற? ஓடி ஓடி ஊசி போட்டுட்டு, ஃபைல் எழுதிட்டு, பெட்ல இருக்கற பாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை பேசக்கூட நேரமில்லன்னா வேலை எப்படிப் பிடிக்கும்?

ஒரு மாசம் எந்த ஷிப்ட்ல எத்தனை நோயாளின்னு நோட்டுல குறிச்சு வச்சு, அதோட நர்சிங் சூப்பரின்டென்டன்டைப் போய்ப் பாரு. வார்டு மாத்தவும் கேளு. அப்படியும் அசையலன்னா வேற இடம் பாரும்மா, ஆறு வருஷ அனுபவத்துக்கு சென்னையில வேலையா கிடைக்காது?