வீடு வாங்குபவர்களுக்குப் பயன்படும் ஏரியா தகவலை இணையதளத்தில் எப்படி எழுதுவது?

உங்கள் ரியல் எஸ்டேட் இணையதளத்தில் ஏரியா வாரியாகப் பக்கம் போட்டும் யாரும் படிப்பதில்லை என்கிறீர்கள். ஏரியா பெயரை மட்டும் மாற்றி ஒரே பத்தியை 50 பக்கங்களில் ஒட்டினால் யார் படிப்பார்கள்? கூகுளும் அதை ஸ்பாம் கணக்கில்தான் சேர்க்கும்.

விலை நிலவரம் எங்கும் கிடைக்கும். கனமழையில் எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், இரவில் ரயில் சத்தம் கேட்குமா என்பதுதான் கிடைக்காது. 'ஸ்டேஷன் மிக அருகில்' என்று எழுதாதீர்கள்; காலை 8.30 மணிக்கு நீங்களே நடந்து பார்த்து, ரயில்வே கேட்டில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து நிமிடக் கணக்கில் சொல்லுங்கள். குறைகளையும் எழுதுங்கள். விளம்பரம் மறைப்பதைச் சொல்லும் பக்கத்தைத்தான் ஆட்கள் வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

தலைப்புக்குப் பஞ்சமா? வீடு பார்க்க வருபவர்கள் உங்களிடம் கேட்கும் கேள்விகளை அப்படியே குறித்து வையுங்கள். தகவலைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் போடுங்கள்; பஸ் ரூட் அடிக்கடி மாறும்.