56 டெஸ்டில் 12 வெற்றி: ரணதுங்கவை எப்படி எடைபோடுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறந்த அணித்தலைவர்கள் பற்றிய உங்கள் குறிப்பில் அர்ஜுன ரணதுங்கவை மிக உயரத்தில் வைத்திருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 56 டெஸ்டுகளில் இலங்கைக்குத் தலைமை தாங்கி 12இல் மட்டும் வென்றவர் அவர். தோல்வி 19. ஒருநாள் ஆட்டங்களிலும் 193இல் 89 வெற்றி, 95 தோல்வி. ரிக்கி பாண்டிங் 77 டெஸ்டில் 48 வென்றிருக்கிறார். இவர் கையில் இருப்பது ஒரே ஒரு உலகக் கோப்பை, அதுவும் அரவிந்த டி சில்வாவும் ஜயசூரியவும் அடித்துக் கொடுத்தது. நடுவரிடம் விரல் நீட்டிச் சண்டை போட்டது, ஓட வேண்டிய இடத்தில் நடந்தது, தனக்காக ஓட இன்னொருவரை (ரன்னர்) கேட்டது, இவைதான் எனக்கு நினைவில் நிற்கின்றன. எதை வைத்து அவரை நல்ல தலைவர் என்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தந்த எண்கள் எல்லாம் சரி. மீதி 25 டெஸ்டுகள் டிரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கணக்கு முழுமையாகும். ஆனால் அந்தக் கணக்கு இலங்கை அணி எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்கிறது. தலைவர் எப்படி இருந்தார் என்று தெரிந்துகொள்ள, அவர் கையில் என்ன கொடுக்கப்பட்டது, அதை அவர் எப்படிப் பங்கிட்டார் என்று பார்க்க வேண்டும்.

இலங்கையின் முதல் டெஸ்ட் 1982 பிப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் நடந்தது. (ஒரு தமிழரின் பெயர் தாங்கிய மைதானம் அது. ‘பி. சாரா’ என்று சுருக்கிச் சுருக்கி அதையே மறந்துவிட்டோம்.) அதில் 54 எடுத்து, டெஸ்டில் இலங்கையின் முதல் அரைசதத்தை அடித்தவர் 18 வயது ரணதுங்க. அதன்பின் பத்தாண்டுகளில் இலங்கை வென்ற டெஸ்டுகள் இரண்டே இரண்டு. 1985இல் இந்தியாவை, 1986இல் பாகிஸ்தானை, இரண்டும் துலீப் மெண்டிஸ் தலைமையில். இங்கிலாந்துக்குப் போனால் ஒரு டெஸ்ட்தான் கிடைக்கும். 1984, 1988, 1991, 1998 எல்லாம் அப்படித்தான். தோற்றால் அடுத்த ஆட்டத்தில் திருத்திக்கொள்ள வழி கிடையாது. மெக்ராவையும் வார்னேயையும் கையில் வைத்துத் தொடங்கிய பாண்டிங்கின் கணக்கை இதன் பக்கத்தில் வைப்பது நியாயமில்லை.

அவர் தலைமை ஒரே ஓட்டமாகவும் வந்ததல்ல. 80களின் முடிவில் கிடைத்து, கைவிட்டுப் போய், 1992 உலகக் கோப்பையில் அரவிந்த தலைமை தாங்கி, அந்தக் கோப்பை முடிந்த பிறகுதான் மறுபடி ரணதுங்கவிடம் வந்தது. வந்த சில மாதங்களிலேயே, ஆகஸ்டில், அவருடைய ஆட்ட வாழ்வின் மிகக் கசப்பான தோல்வி. கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானம், ஆஸ்திரேலியா. முதல் இன்னிங்ஸில் இலங்கை 547 அடித்திருந்தது, ரணதுங்க 127. கடைசி நாள் 181 எடுத்தால் வெற்றி. 127க்கு 2 விக்கெட், இன்னும் 54 வேண்டும், எட்டுப் பேர் மிச்சம். அரவிந்த தூக்கி அடித்த பந்தை ஆலன் பார்டர் பின்னோக்கி ஓடிப் பிடித்தார். அடுத்து வந்தவர்கள் நின்று பார்க்காமல் ஆடினார்கள். ரணதுங்க பூஜ்யம். கடைசி மூன்று விக்கெட்டை ஒரு ரன் கொடுக்காமல் எடுத்தவர், அதுவரை பெரிதாக யாருக்கும் தெரியாத ஷேன் வார்னே. 164க்கு ஆட்டம் முடிந்து, 16 ரன்னில் தோல்வி. ஒருவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் ஒற்றை ரன்களாக எடுத்திருந்தால் முடிந்திருக்கக்கூடிய ஆட்டம்.

இதன் பக்கத்தில் 1996 மார்ச் 2, டெல்லியை வைத்துப் பாருங்கள். இந்தியா 271, டெண்டுல்கர் 137. இலங்கை மூன்று ஓவரில் 42 அடித்ததையும், மனோஜ் பிரபாகர் தன் முதல் இரண்டு ஓவரில் 33 கொடுத்ததையும் எல்லோரும் இன்றுவரை பேசுகிறார்கள். அதற்கப்புறம் இலங்கை 141க்கு 4 ஆனதை யாரும் பேசுவதில்லை. இன்னும் 131 வேண்டும். ரணதுங்கவும் ஹசான் திலகரத்னவும் பிரியாமல் நின்று 48.4 ஓவரில் முடித்தார்கள். ரணதுங்க 46, திலகரத்ன 70, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. அந்த உலகக் கோப்பை முழுவதும் ரணதுங்க எடுத்தது 241 ரன். ஆறு இன்னிங்ஸில் நான்கு முறை நாட் அவுட், சராசரி 120.50.

தொடக்கத்தில் அடித்து ஆடும் உத்தியை இலங்கை கண்டுபிடிக்கவில்லை. 1992இல் நியூசிலாந்தின் மார்க் கிரேட்பேட்ச் அதைச் செய்தார், அதற்கும் முன்னால் நம்ம ஸ்ரீகாந்த். முதல் 15 ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம் என்பதால், உள்வட்டத்தைத் தாண்டித் தூக்கினால் நான்கு. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் துணிந்து இறங்கத் தேவையான காப்பீட்டைத்தான் இலங்கை சேர்த்தது. ஏழாவது ஆட்டக்காரராக ரொஷான் மகாநாம என்ற முழு மட்டையாளர். ஜயசூரியவும் களுவிதாரணவும் சீக்கிரம் போனாலும் பின்னால் குருசிங்க, அரவிந்த, ரணதுங்க, திலகரத்ன, மகாநாம. களுவிதாரண அந்தத் தொடரில் ஓர் அரைசதம்கூட அடிக்கவில்லை. அணி அதைத் தாங்கியது. கல்கத்தா அரையிறுதியில் முதல் ஓவரிலேயே தொடக்க ஜோடி இரண்டு பேரும் போனபோதும் தாங்கியது. இது ரணதுங்க ஒருவரின் மூளை என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சியாளர் டேவ் வாட்மோர் உட்படப் பலர் சேர்ந்து போட்ட திட்டம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைக் கட்டியவர் தலைவர்தான்.

ஏழு மட்டையாளர்களை வைத்தால் முழுநேரப் பந்துவீச்சாளர்கள் நான்கு பேர்தான். ஒருவர் பத்து ஓவருக்கு மேல் வீசக்கூடாது. நாற்பது போக, மீதிப் பத்தை எங்கிருந்தாவது தேற்ற வேண்டும். நான்கில் ஒருவர் அடிவாங்கினால் பதினைந்தாகும், இருவர் என்றால் இருபதாகும். பகுதிநேரக்காரரை எப்போது கொண்டுவருவது என்பதில்தான் பல தலைவர்கள் கோட்டை விடுவார்கள். கடைசி வரை ஒளித்துவைத்து, அடித்து ஆடும் நேரத்தில் அவர் கையில் பந்தைத் திணிப்பார்கள்.

லாகூர் இறுதியாட்டத்தின் பந்துவீச்சுக் கணக்கைப் பாருங்கள். விக்கிரமசிங்க 7, வாஸ் 6. வேகம் அவ்வளவுதான், மொத்தம் 13. மீதி 37 ஓவரும் சுழல்: முரளிதரன் 10, தர்மசேன 10, அரவிந்த 9, ஜயசூரிய 8. ஆஸ்திரேலியா 137க்கு 1 என்று இருந்தது. மார்க் டெய்லர் 74, பாண்டிங் 45, இருவரையும் வீழ்த்தியவர் பகுதிநேர அரவிந்த. வார்னேயைச் சீக்கிரம் இறக்கி அடிக்கப் பார்த்தார்கள், முரளியின் பந்தில் களுவிதாரண ஸ்டம்ப் செய்தார். ஸ்டீவ் வாவை தர்மசேன எடுத்தார். 170க்கு 5. கடைசியில் 241. பந்தில் வேகம் இல்லை, மட்டையாளரே வேகத்தை உண்டாக்க வேண்டும், எல்லைக்கோட்டில் ஆள் நிற்கிறார். அன்று அது பலித்தது. தட்டையான பிட்சில் சிறிய மைதானமாக இருந்திருந்தால் இதே 37 ஓவர் இலங்கையை மூழ்கடித்திருக்கும்.

டாஸில் அவர் எடுத்த முடிவையும் சொல்ல வேண்டும். அதுவரை நடந்த ஐந்து உலகக் கோப்பை இறுதிகளிலும் முதலில் மட்டை பிடித்த அணிதான் வென்றது. ரணதுங்க டாஸை வென்று ஆஸ்திரேலியாவை ஆடச் சொன்னார். பகலிரவு ஆட்டம், மாலைக்குமேல் பனி இறங்கும். நனைந்த பந்தை விரலால் பற்றித் திருப்புவது கடினம். வார்னேயின் பத்து ஓவரில் 58 ரன் போனது, விக்கெட் இல்லை. 23க்கு 2 ஆன இலங்கையை அரவிந்தவும் குருசிங்கவும் 125 சேர்த்துத் தூக்கினார்கள். பிறகு அரவிந்தவும் ரணதுங்கவும் 97 சேர்த்து, 46.2 ஓவரில் முடித்தார்கள். அரவிந்த 107, மூன்று விக்கெட் வேறு. ஆகவே ‘அரவிந்த அடித்துக் கொடுத்தது’ என்று நீங்கள் எழுதியதில் தப்பில்லை. அந்த ஒன்பது ஓவரை அவரிடம் கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி.

எனக்குக் கேட்டால், கோப்பையைவிட அவர் தலைமையின் நல்ல சான்று 1998 ஓவல் டெஸ்ட். டாஸை வென்று இங்கிலாந்தை ஆடச் சொன்னபோது கேலிதான் மிஞ்சியது. காய்ந்த ஆடுகளம், கையில் இருப்பது முரளி, நான்காவது இன்னிங்ஸில் அல்லவா அவர் வீச வேண்டும் என்று. இங்கிலாந்து 445 அடித்ததும் கேலி இன்னும் கூடியது. அவர் அப்படி முடிவெடுத்த காரணம் எளிது. இலங்கை முதலில் ஆடிப் பெரிய எண்ணிக்கை எடுத்து, இங்கிலாந்து ஃபாலோ ஆன் ஆனால் (மிகவும் பின்தங்கி, உடனே மறுபடி மட்டை பிடிக்க நேர்ந்தால்), முரளி இரண்டு இன்னிங்ஸையும் இடைவெளியில்லாமல் வீச வேண்டியிருக்கும். வேறு விக்கெட் எடுக்க ஆளில்லை. நடுவில் இலங்கை மட்டை பிடித்தால் அவருக்கு ஓய்வு. முதல் இன்னிங்ஸில் முரளி 59.3 ஓவர், 155க்கு 7. பிறகு இலங்கை 591 அடித்தது. ஜயசூரிய 278 பந்தில் 213, அரவிந்த 152. அந்த வேகம் இல்லாவிட்டால் நேரம் போதாமல் ஆட்டம் டிராவாகியிருக்கும். ஓய்வெடுத்து வந்த முரளி 54.2 ஓவரில் 65க்கு 9. பத்தாவது விக்கெட் ரன் அவுட். ஆட்டம் முழுவதும் ஒரே ஆள் 113.5 ஓவர். பத்து விக்கெட் வெற்றி, இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி.

குறைகளுக்கு வருகிறேன். முரளி முதிரும் வரை இருபது விக்கெட் எடுக்க ஆளில்லாததுதான் 25 டிராவுக்கு முதல் காரணம். ஆனால் தட்டையான கொழும்பு ஆடுகளங்களில் பாதுகாப்பாக ஆடும் பழக்கமும் உண்டு. 1997இல் இந்தியாவுக்கு எதிராக 952க்கு 6 அடித்தது சாதனைப் புத்தகத்துக்கான ஆட்டம். நான்காம் நாள் முடிவில் 587க்கு 1, முன்னிலை வெறும் 50. டிக்ளேர் செய்திருந்தாலும் வென்றிருக்க முடியாது என்பது உண்மை, ஆனால் முயலவும் இல்லை.

1999 உலகக் கோப்பை தெளிவான தோல்வி. மே மாத இங்கிலாந்தில் புதுப்பந்து நகரும், அங்கே முதல் 15 ஓவரில் தூக்கி அடிப்பது தற்கொலை. அணி மூப்படைந்திருந்தது, உத்தி மாறவில்லை. டாண்டனில் டாஸை வென்று இந்தியாவை ஆடச் சொன்னார். முதல் ஓவரிலேயே சடகோபன் ரமேஷை வாஸ் எடுத்ததும் முடிவு சரியென்றே தோன்றியிருக்கும். அதன்பின் கங்குலி 183, திராவிட் 145, இருவரும் சேர்த்தது 318. சிறிய மைதானம், நகராத பந்து, அதே பகுதிநேரச் சுழல். லாகூரில் பலித்த மருந்தே இங்கே விஷம். 157 ரன் தோல்வி, ஐந்தில் இரண்டு வெற்றியோடு முதல் சுற்றிலேயே வெளியேற்றம். தலைமை ஜயசூரியவுக்குப் போனது. நியாயமான முடிவு என்றுதான் சொல்வேன்.

நடுவர் விவகாரத்தில் இரண்டு நிகழ்ச்சிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1995 மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர், முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறிகிறார் என்று மூன்று ஓவரில் ஏழு முறை முரளிக்கு நோபால் கொடுத்தார். ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நடுவர் ஸ்டீவ் டன் ஒன்றும் சொல்லவில்லை, முரளி தொடர்ந்து வீசினார். விதிக்குள் நின்று தன் பந்துவீச்சாளரைக் காத்த செயல் அது. 1999 ஜனவரி அடிலெய்டில் ராஸ் எமர்சன் நோபால் சொன்னபோது அணியை எல்லைக்கோடு வரை கூட்டிச் சென்றார். திரும்பி வந்து, நடுவர் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் கோடு கிழித்துக் காட்டினார். இதை ஆதரிக்க முடியாது. தண்டனையாக ஆட்டச் சம்பளத்தில் 75 சதவீதம் அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட ஆறு ஆட்டத் தடையும் வந்தன. (அதே ஆட்டத்தில் இலங்கை 303 விரட்டி ஒரு விக்கெட்டில் வென்றது.) முழங்கையை 15 டிகிரி வரை நிமிர்த்தலாம் என்ற விதி 2005இல் வந்தது. அதைக் கொண்டுவந்தவை ஆய்வகச் சோதனைகள்தான். ஆனால் அந்தச் சோதனைகளின் முடிவு வரும்வரை முரளி அணியில் இருந்தாக வேண்டுமே, அதற்கு முன்னால் நின்றவர் இவர்.

நடந்து ரன் எடுத்தது சோம்பல் மட்டுமல்ல. பந்தைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு, கை இறுக்கமில்லாமல் தேர்ட்மேன் பக்கம் (மட்டையாளருக்குப் பின்புறம், ஆஃப் திசையில்) தட்டுவார். பந்து மெதுவாகப் போய்ச் சேரும், ஆள் எடுத்து எறிவதற்குள் நடந்தே ஒரு ரன் எடுக்கலாம். லாகூரில் வெற்றி ரன் வந்ததும் மெக்ராவின் பந்தை அப்படித் தேர்ட்மேனுக்குத் திருப்பிவிட்டுத்தான். ரன்னர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆட்டத்தின் நடுவே பட்ட காயத்துக்காக உள்ள சலுகை அது. உடல் தகுதிக் குறைவைச் சரிக்கட்ட அதைக் கேட்பது அழகல்ல. அவர் ஒருவர்தான் கேட்டார் என்பதில்லை, பலரும் கேட்டுக் கேட்டு, 2011 அக்டோபரிலிருந்து சர்வதேச ஆட்டங்களில் ரன்னரையே ஐ.சி.சி. எடுத்துவிட்டது.

அன்புடன்,
ஆசிரியர்