வடிவமைப்பு அணி ஒன்று வேலைக்கு நடுவே கார்களுக்காக இணைய இதழ் நடத்த முடியுமா?

கேள்வி கேட்டவர் ஒரு சின்ன வடிவமைப்பு அணியில் வேலை செய்கிறாராம். வாடிக்கையாளர் வேலைகளுக்கு நடுவே கார்களைப் பற்றி ஓர் இணைய இதழ் தொடங்க ஆசை, எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார்.

முடியும். வெள்ளவத்தையில் நாங்கள் ஐந்து பேர் அப்படி ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறோம். ஆனால் முதல் எட்டு மாதம் தவறான இதழைத்தான் நடத்தினோம். அந்தக் கதை உங்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

எண்ணம் வந்தது பெற்றோல் வரிசையில். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். அந்த நாட்களில் காலி வீதியில் கார்கள் நின்ற நிலையைக் கொழும்பில் இருந்த யாரும் மறக்கமாட்டார்கள். எங்கள் அணியில் படம் வரைகிற தம்பி இரண்டு இரவு காருக்குள்ளேயே படுத்தான். பொழுது போகாமல், முன்னால் நின்ற கார்களின் பின்பக்கங்களை ஒரு கொப்பியில் வரைந்தான். ஒரு கொரோல்லா 121, ஒரு மாருதி 800, ஒரு பழைய நிசான் சன்னி, ஒரு வாகன்ஆர். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சொந்தக்காரர் சொன்னதைக் குறித்திருந்தான்: எந்த வருடம் வாங்கினது, என்னென்ன மாற்றினது, ஏன் இன்னும் விற்கவில்லை. வரிசையில் நிற்கிறவனுக்கு நேரம் நிறைய இருந்ததால் எல்லாரும் மனம்விட்டுக் கதைத்திருக்கிறார்கள்.

அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் கார் இதழ் ஒன்று தொடங்குவோம் என்று முடிவெடுத்தோம். பிறகு கொப்பியை மேசைக்குள் வைத்துவிட்டு, வடிவமைப்பாளர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தோம். பெயருக்கும் சின்னத்துக்கும் மூன்று மாதம் போனது. கறுப்புப் பின்னணி, திரை நிறைய ஒரு கார்ப் படம், அதன் மேல் மெல்லிய எழுத்து. படங்கள் எல்லாம் வெளிநாட்டுக் கார் நிறுவனங்கள் பத்திரிகைகளுக்குத் தருகிறவை. கட்டுரைகள் வேறு யாரோ ஓட்டிப் பார்த்து எழுதியதன் சாரம்.

எங்கே பிழைத்தது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. 1895இலிருந்து பிரித்தானியாவில் வரும் ஓட்டோகார் போன்ற இதழ்கள் புதுக் காரை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதை ஒரு தொழிலாகவே வளர்த்தவை. அதற்கு ஓட்டிப் பார்க்கப் புதுக் கார் வேண்டும். இங்கே 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை அப்போதும் திறக்கவில்லை. வாங்கவும் முடியாது, தெருவில் பார்க்கவும் முடியாது என்கிற கார்களை எங்கள் வாசகருக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்டு எழுதவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

மாற்றம் எங்கள் கணக்கு அக்காவின் காரால் வந்தது. அவருடையது ஒரு டொயோட்டா அக்வா, பெற்றோலோடு பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார். ஒரு நாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு கராஜில் ஹைபிரிட் பற்றரியை முழுதாக மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை கேட்டார்கள். இன்னொரு இடத்தில் பாதிக் காசுக்குச் செய்யலாம் என்றார்கள். எதை நம்புவது என்று தெரியாமல் அக்கா கலங்கிப்போனார். நானும் படம் வரைகிற தம்பியும் அவரோடு பஞ்சிகாவத்தைக்குப் போனோம். உதிரிப்பாகம் தேடுகிறவர்களுக்கு அந்த இடத்தைச் சொல்லத் தேவையில்லை. அங்கே ஒரு மெக்கானிக் நானா பற்றரிப் பெட்டியை எங்கள் கண் முன்னாலேயே கழற்றி வைத்து விளக்கினார்.

உள்ளே 20 சின்னப் பற்றரிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 144. அதில் ஒன்று பலவீனமானாலும் முழுப் பெட்டியும் பழுது என்று கார் சொல்லிவிடும். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் செலவு குறைவு. ஆனால் மற்றப் பத்தொன்பதும் அதே வயதுதானே, அடுத்தது எப்போது போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பாதிக் காசுக்கும் முழுக் காசுக்கும் வித்தியாசம் அதுதான். அப்புறம் அவர் பின் இருக்கைக்கு அடியில் ஓரமாக இருந்த காற்று வழியைக் காட்டினார். பற்றரியைக் குளிர்விக்கும் விசிறிக்குக் காற்று போகிற வழி அது. தூசி ஒரு கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. "இதைத் துப்புரவாக்கச் சொல்லி யாரும் உங்களுக்குச் சொல்ல இல்லையா தங்கச்சி?" என்று அக்காவைக் கேட்டார். யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று தம்பி கொப்பியை மறுபடி எடுத்தான். பெட்டியைப் பிரித்துக் காட்டும் ஒரு படம், காற்று போகும் வழிக்கு ஒரு படம், எதை எப்போது சுத்தம் செய்வது என்று ஒரு படம். எழுத்து ஒரு பக்கத்துக்கும் குறைவு. அதுதான் நாங்கள் போட்ட கட்டுரைகளில் முதல்முறையாகக் கைக்குக் கை போனது. மட்டக்களப்பிலிருந்து ஒருவர் தன்னுடைய காற்று வழியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஹற்றனிலிருந்து ஒரு தங்கை, அப்பாவின் காருக்கும் இதே படம்தானா என்று கேட்டிருந்தார். அவர்களுடையது பிரியஸ். அதில் 28 பற்றரிகள், இடமும் வேறு. உடனே அதற்கும் ஒன்று வரைந்தோம்.

எனவே கேட்டவருக்கு என் நேரடியான பதில் இது: உங்கள் வாசகரின் வீட்டு வாசலில் எந்தக் கார் நிற்கிறதோ அதில் தொடங்குங்கள். அதை எழுத்தாளர்கள் எழுதும் விதத்தில் எழுதப் போகாதீர்கள். உங்கள் அணிக்குப் படம் போட்டு விளக்கத் தெரியும். தமிழில் காரைப் பற்றி அப்படி விளக்கியது மிகக் குறைவு. வாடிக்கையாளருக்குச் செய்யும்போது படம் கட்டுரைக்கு அலங்காரமாகப் போகிறது. இங்கே படமே கட்டுரை.

சொற்களைப் பற்றி எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. ஒருவர் எல்லாவற்றுக்கும் கலைச்சொல் வேண்டும் என்றார். நான் கராஜில் என்ன சொல்கிறார்களோ அதைத்தான் போட வேண்டும் என்று நின்றேன். கிளச், கியர், பொனட், டிக்கி, மட்கார்ட். பழுது பார்க்கப் போகிறவர் எங்கள் கட்டுரையில் படித்த சொல்லை அங்கே சொன்னால் மெக்கானிக்குக்குப் புரிய வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையால் அவருக்கு என்ன பயன்? பாகங்களின் பெயரைக் கராஜ் மொழியிலும், அது என்ன வேலை செய்கிறது என்பதை நல்ல தமிழிலும் எழுதுவது என்று கடைசியில் ஒத்துக்கொண்டோம். இன்றைக்கும் அதுதான் முறை.

பக்க வடிவமைப்பில் நீங்கள் கட்டாயம் இடறப்போகும் இடங்கள் சில உண்டு. ஆங்கிலத்துக்குச் செய்த பக்க அமைப்பை அப்படியே எடுத்துத் தமிழைக் கொட்டாதீர்கள். தமிழில் கீ, கி மேலே எழும்பும், கூ, கு கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். எங்கள் கட்டுரை வரிகளுக்கு எழுத்தளவில் 1.7 மடங்கு வைத்திருக்கிறோம். தலைப்புக்கு 1.4க்குக் கீழே போவதில்லை. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அழகாக இருக்கும், தமிழில் 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும். சாய்வெழுத்தும் வேண்டாம், அழுத்தம் தேவைப்பட்டால் தடித்த எழுத்து போதும். 'இறக்குமதியாளர்களிடமிருந்து' என்று ஒரே சொல் செல்பேசியில் ஒரு முழு வரியைப் பிடிக்கும் என்பதையும் நினைவில் வைத்துத் தலைப்பு எழுதுங்கள். எழுத்துருவில் நோட்டோ செரிஃப் தமிழும் முக்தா மலரும் இலவசம், உரிமச் சிக்கல் இல்லை. நாங்கள் இரண்டையும் வைத்தே ஓட்டுகிறோம்.

வெளியார் எழுதி அனுப்பும் கட்டுரைகள் பாதிக்கு மேல் இன்னும் பாமினி என்கிற பழைய எழுத்துருவில்தான் வரும். யுனிகோடுக்கு மாற்றின பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகளை ஒருவர் உட்கார்ந்து கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

புகைப்படம் பற்றிச் சுருக்கமாக. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போங்கள், வெயிலும் சனமும் ஏறுவதற்கு முன்னர். முன் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, டயர் தரையில் படும் பக்கம் தெரியாமல் ரிம் கமராவைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கண்ணாடியிலும் பொனட்டிலும் வானம் அடிப்பதைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஒன்று வாங்குங்கள். சொந்தக்காரரைக் கேட்காமல் இலக்கத் தகட்டை வெளியிட வேண்டாம். போதும்.

2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகன இறக்குமதி திறந்தபோது எங்களுக்கு வந்த கேள்விகள் ஒரே நாளில் மாறின. எல்லாரும் ஜப்பானில் பழைய கார்களை ஏலம் விடும்போது காரின் நிலையைக் குறித்துத் தரும் ஏலத் தாளைப் பற்றியே கேட்டார்கள். காரின் படம் ஒன்று, அதைச் சுற்றி ஏ1, யு2, டபிள்யூ1 என்று குறிகள், மேலே 4.5, 4, ஆர் என்று ஒரு தரம். வாங்குகிறவர் அதைப் பார்த்துத் தலையாட்டுவார், விற்கிறவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அந்தத் தாளை அப்படியே பெரிதாக வரைந்து, ஒவ்வொரு குறியைத் தொட்டாலும் தமிழில் விளக்கம் வருகிற மாதிரிச் செய்தோம். ஏ என்றால் கீறல், யு என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் திருத்திப் பூசிய தடம், பக்கத்தில் இருக்கும் எண் கூடக்கூட அளவும் கூடும். ஆர் என்றால் விபத்தில் பட்டுத் திருத்திய கார். மூன்று கிழமை எடுத்தது. எங்கள் தொழிலில் நான் செய்த வேலைகளில் அதைப் போல மனநிறைவு தந்தது வேறில்லை.

அதில் ஒரு பிழையும் விட்டோம். எக்ஸ் என்றால் மாற்ற வேண்டிய பாகம், எக்ஸ்எக்ஸ் என்றால் ஏற்கெனவே மாற்றிய பாகம். நாங்கள் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டோம். துறைமுகத்தில் வாகனம் எடுத்துக் கொடுக்கும் வேலை செய்யும் ஒருவர் போன் பண்ணிச் சொன்னார். மாற்றிய பாகம் என்றால் கார் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கலாம், அதை இன்னும் மாற்றாத பாகமாக நினைத்து ஒருவர் வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். அன்றிரவே திருத்தி, என்ன பிழை, எந்தத் திகதியில் திருத்தினோம் என்று பக்கத்தின் உச்சியில் எழுதினோம். ஏல நிலையத்துக்கு நிலையம் குறிகள் சற்று வேறுபடும் என்பதையும் அவர்தான் சொல்லிச் சேர்க்க வைத்தார். இப்போது தொழில்நுட்பக் கட்டுரை எதுவும் அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர் பார்க்காமல் வெளியே போகாது.

நேரமும் காசும்: வெள்ளி பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இதழ் வேலை மட்டும். மாதம் ஒரு பெரிய கட்டுரை, அதற்கு மேல் வாக்குக் கொடுப்பதில்லை. தினமும் ஒன்று போட நினைத்தால் இரண்டாவது மாதமே வாடிக்கையாளர் வேலை அதை விழுங்கிவிடும். இறுதி முடிவு சொல்ல ஒருவர் வேண்டும், அவர் முதலாளியாக இல்லாமல் இருப்பது நல்லது. படங்களின் உரிமை யாருக்கு, ஒருவர் வேலையை விட்டுப் போனால் என்ன என்பதை முதல் மாதமே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். நாங்கள் இரண்டாம் வருடம்தான் எழுதினோம், அதற்குள் ஒரு நல்ல நட்பில் தேவையில்லாத மனக்கசப்பு வந்துவிட்டது.

விளம்பரம் எடுக்கிறோம், ஆனால் விளம்பரம் என்று பெயர் போட்டு. ஒரு வாகன விற்பனை நிலையம் காசு தருகிறோம், கட்டுரை மாதிரியே போடுங்கள் என்று கேட்டது. மறுத்தோம். அவர்கள் எங்கள் அலுவலகத்துக்குத் தர இருந்த கையேட்டு வேலையும் அதோடு போனது. அது எங்களுக்கு ஒரு மாதச் சம்பளப் பணம். முதலாளி, "பரவாயில்லை, அந்த அக்வாக்காரர்கள் நம்மை நம்புகிறார்கள்" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை அன்றைக்கு இன்னும் கூடியது.

இப்போது செய்துகொண்டிருப்பது ஒரு மொறிஸ் மைனரைப் பற்றியது. கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ் ஐயாவின் கார், தகப்பன் வாங்கியது. இலக்கத் தகட்டில் '1 ஸ்ரீ', அந்த ஸ்ரீ சிங்கள எழுத்தில். 1958இல் தகடுகளில் வந்த அந்த ஒரு எழுத்தை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் போராட்டம் நடந்தது, தகடுகளில் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் பூசினார்கள். எழுத்தோடு வாழ்கிற தொழில் எங்களுடையது. ஒரு எழுத்து அவ்வளவு சுமந்ததை எப்படி வரைவது என்று நாலு கிழமையாகக் கதைத்துக்கொண்டிருக்கிறோம். ஐயாவிடம் தகட்டை மாற்ற நினைத்ததுண்டா என்று கேட்டேன். "அப்பா அந்தத் தகட்டோடுதான் எங்களைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, பொனட்டைத் திறந்து காபரேற்றரைக் காட்டத் தொடங்கினார். போன ஞாயிறு இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் நின்று அதைத்தான் வரைந்துகொண்டு வந்தோம்.